சாயக்காரர் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் உம்மாவும் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. நோன்புப் பெருநாள் கழிந்த மறு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு தாராவிக்கு வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பேசிவிட்டுப் போனாயே, அப்போதே பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருக்கிறாய். கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. செம்பூர் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டுவிட்டது.

இந்தக் கடிதத்தோடு வருகிற பொட்டலத்தில் நீ கொடுத்துவிட்டுப் போன லினன் துணி இருக்கிறது. சிவப்பு நன்றாகப் பிடித்திருக்கிறது. உன் மச்சினிச்சி நிக்காஹ் அன்றைக்கு அதைத் தலையில் போட்டுக்கொண்டு உட்காரட்டும். 'என் மாமா கையால் சாயம் போட்ட துப்பட்டா என் தங்கச்சிக்கும் வேணும்' என்று என் மருமகள் ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறாள். அந்த ஆசையைச் சொல்லித்தான் துணியை என் கையில் கொடுத்தாய். கொடுத்த கை இன்னும் என் கையை விட்டு எடுபடவில்லை, அதற்குள் சொன்னாய்: "ஆனா வாப்பா, கல்யாணத்துக்கு நீங்க வரண்டாம். தப்பா நினைக்காதீங்க, சம்ஜோ நா, புரிஞ்சுக்கோங்க. மெட்ராஸ்லருந்து பெரிய தோல் வியாபாரி ஒருத்தர் வாராரு. அவரு உங்க ஷாப்புக்கு வந்து சரக்கு எடுத்தவரு. உங்க மூஞ்சி அவருக்குத் தெரியும். பாத்துட்டா முடிஞ்சுது." நான் துணியைப் பிடித்தபடி நின்றேன். டீ எடுத்துக்கொண்டு வந்த உன் உம்மாவிடம், "உம்மா, உங்கள நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாய். அவள் அந்த டீயை உனக்குக் கொடுக்கவில்லை. "என்னைய மட்டும் கூட்டிட்டுப் போயி யாரு பொண்டாட்டின்னு சொல்லி உக்கார வைப்பலே?" என்று கேட்டாள். நீ கைக்கடிகாரத்தைப் பார்த்தாய்.

ஆக, துணி வரலாம், துணியைப் பண்ணினவன் வரக்கூடாது. சரி. ஆனால் ஒன்றை நீ யோசிக்கவில்லை. கல்யாண வீடு முழுக்க ஜவுளிக்காரர்கள். அந்தச் சிவப்பைப் பார்த்தால் சும்மா இருக்கமாட்டார்கள். 'மாப்பிள்ளை, உங்க வாப்பா இதை எப்படிப் போட்டாரு?' என்று உன்னைத்தான் கேட்பார்கள். நான் அங்கே இல்லாததால் நீதான் பதில் சொல்ல வேண்டும். நாலு வருஷமாக ஊர் முழுக்கச் சாயக்காரர் மகன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாய், துணியை என்ன செய்வார்கள் என்று ஒரு நாள்கூட நீ என்னிடம் கேட்டதில்லை. அதனால் சொல்லித் தருகிறேன். பொய் சொல்கிறவன் அதையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும். உனக்கு அவமானம் வந்தால் எனக்கும் வலிக்கும் என்று நினைத்துவிடாதே, அந்த வலியெல்லாம் போய்விட்டது. துணிக்கு அவமானம் வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லாரும் சாயத்தைத்தான் பார்க்கிறார்கள். வேலை முக்கால்வாசி சாயத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. தறியிலிருந்து இறங்குகிற கோராத் துணி பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், ஆனால் சுத்தம் இல்லை. பருத்திக்குப் பிறவியிலேயே ஒரு மெழுகு உண்டு. அதற்கு மேல், நூல் அறுந்துவிடாமல் இருக்கப் பாவில் போட்ட கஞ்சி. அதற்கு மேல் மில்லிலும் கிடங்கிலும் கடையிலும் தொட்டவர்கள் கையிலிருந்த எண்ணெய். இத்தனையும் துணிக்கு மேல் உட்கார்ந்திருக்கும்போது சாயம் உள்ளே எப்படிப் போகும்? மேலாகத் தங்கி ஆளை ஏமாற்றும். ஆகவே முதலில் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கஞ்சியைக் கசக்கி விட வேண்டும். பிறகு பெரிய அண்டாவில் சலவைச் சோடாவும் கொஞ்சம் சவுக்காரமும் கரைத்து, துணி தாராளமாகப் புரளும்படி வேக வைக்க வேண்டும். கவனி, வேக வைக்க வேண்டும். வெந்நீரில் முக்குவது இல்லை. அரிசி வேகிற மாதிரி கொதித்து வேக வேண்டும். வெந்த பிறகு அந்தத் தண்ணீரைப் பார்த்தால் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் இருக்கும். வெள்ளைத் துணிக்குள் இவ்வளவு இருந்ததா என்று தோன்றும்.

இந்த வேக வைக்கிற சங்கதி தெரியாமல்தான் நான் உன் பொய்யைக் கெடுத்தேன். உனக்குத் தெரியாது, இன்றுவரை அது கெடவில்லை என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்தக் கதைக்கு வருகிறேன்.

நீ கோட்டைப் பக்கம் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெளிநாட்டுக்காரர்களுக்குக் கெமிக்கல் சாயம் வேண்டாமாம், வேரிலும் பட்டையிலும் போட்ட சாயம்தான் வேண்டுமாம், அதற்கு நல்ல மதிப்பாம் என்று வீட்டில் வந்து பேசுவாய். காட்கோபரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர் வீட்டுப் பெண் உனக்குப் பேச்சுக்கு வந்தது. நல்ல குடும்பம், நம் பக்கத்து ஆட்கள்தான், எனக்கும் சந்தோஷம். ஒரு நாள் கோராத் துணி ஒரு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாய். "வாப்பா, ஞாயித்துக்கிழமை அவங்க வீடு பாக்க வாராங்க. நீங்க வீட்டுலயே இயற்கைச் சாயம் போடுறதா நான் சொல்லியிருக்கேன். இத ஏதாவது கலர்ல நனைச்சுக் கயித்துல போட்டுருங்க. கேட்டா ரெண்டு வார்த்தை பேசுங்க, போதும்." நான் முப்பது வருஷமாகத் தோல் ஷாப்பில் நிற்கிறவன். ஆட்டுத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊற வைத்து, முடி எடுத்து, கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் போட்டுப் பதனிடுகிறவன். அந்தச் சம்பளத்தில்தான் நீ இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனாய். "தோல்ல வேலை செய்யிறேன்னு சொன்னா என்னலே?" என்று கேட்டேன். நீ என் கையைப் பார்த்தாய். பட்டைக் கறை ஏறி நகமெல்லாம் பழுப்பாக இருக்குமே, அதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கறை நல்லதுதான். சாயக்காரர் கைன்னு நம்புவாங்க" என்றாய். எனக்கு அந்தக் கணத்தில் உன்னை அறையத் தோன்றியது. அறைந்திருக்க வேண்டும்.

அறையவில்லை. சரி என்றேன். ஏனென்று கேட்காதே, உனக்கும் ஒரு மகள் பிறந்திருக்கிறாள், போகப் போகத் தெரியும். அதுவும் அரைமனதாகச் செய்யவில்லை. மாட்டுங்காவில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ச் சிவப்புச் சாயத்துக்கு மஞ்சிட்டி வேர் வாங்கினேன். எங்கள் ஷாப்பிலிருந்தே நல்ல கடுக்காயாகப் பொறுக்கினேன். படிகாரம் எனக்குப் பழக்கமானதுதான். கடுக்காய் எனக்குத் தெரியும், படிகாரம் எனக்குத் தெரியும், துணி என்ன பெரிய வித்தை என்று நினைத்துவிட்டேன். துணியைப் பச்சைத் தண்ணீரில் அலசினேன். கடுக்காய்த் தண்ணீரில் போட்டேன், படிகாரத்தில் போட்டேன். மஞ்சிட்டிக் கஷாயத்தில் கை பொறுக்கிற சூட்டுக்கு மேல் போகவே இல்லை. ஏன் தெரியுமா? தோல்காரன் தோலுக்குச் சூடு காட்டமாட்டான். பச்சைத் தோல் கொதிநீரில் விழுந்தால் சுருண்டு பசையாகிவிடும், சரக்கு நாசம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதற்காக மேஸ்திரியிடம் அடி வாங்கியவன் நான். உன் உம்மா, "துணிதானே, வேக வைங்களேன், வண்ணான் வேக வைக்காமலா வெளுக்குதான்?" என்று சொன்னாள். நான் கேட்கவில்லை. முப்பது வருஷப் பழக்கம் கையைப் பிடித்து இழுத்துவிட்டது. இப்படி ஒரு தப்பை எந்தச் சாயக்காரனும் செய்யமாட்டான், தோல்காரன்தான் செய்வான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். கயிற்றில் சிவப்புத் துணி தொங்கியது. தூரத்திலிருந்து அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் போனால் அங்கங்கே திட்டு. நீ புதுச் சட்டையில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தாய், அதையெல்லாம் நீ பார்க்கவில்லை. உன் மாமனார் பார்த்தார். துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்தார், விரல் சிவந்தது. பக்கத்தில் சாயத்துக்குத் தயாராக நான் அலசிக் காய வைத்திருந்த கோராத் துணி மிச்சம் கிடந்தது. குடிக்கக் கொடுத்த தண்ணீரில் விரலை நனைத்து அதன் மேல் ஒரு சொட்டு விட்டார். வேக வைத்து எடுத்த துணியாக இருந்தால் சொட்டு விழுந்த உடனே உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சொட்டு சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்கிற மாதிரி உருண்டையாக நின்றது. அவர் அதைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு தம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், எங்களுக்குச் சம்மதம்" என்றார். நீ என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாய். உன் வாழ்க்கையில் வாப்பாவைப் பார்த்துக் கண் சிமிட்டியது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வாரமே அவர் தனியாக ஷாப்புக்கு வந்தார். இதை உனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. நான் தொட்டிக்குள் முழங்கால் ஆழத்தில் நிற்கிறேன், உடம்பெல்லாம் சுண்ணாம்பு. தலை நிமிர்ந்து பார்த்தால் மேலே கரையில் சம்பந்தி. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், மூக்கில் கைக்குட்டை இல்லை. எனக்குத் தொட்டிக்குள்ளேயே முங்கிவிடலாம் போல இருந்தது. "பாய், அன்னைக்கு அந்தத் துணிய நீங்க வேக வைக்கல, இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் வைக்கவில்லை என்றார். "தோல வேக வச்சா நாசமாப் போயிரும், அந்த நெனப்புதான்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் ஷாப்பில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "கடுக்காய் தெரிஞ்ச கை, துணி தெரியாத கை. தாராவியில அப்படிக் கை எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். என் கை நாற்றம் எனக்கே தெரிந்தது, அவர் நகரவில்லை. "தோல்காரர்னு சொல்லியிருந்தா பொண்ணு தரமாட்டேன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?" என்று கேட்டார். நாந்தான் மகனிடம் அப்படிச் சொல்லச் சொன்னேன் என்றேன். "பொய் சொல்லாதிய பாய், உங்களுக்கு வரல" என்றார். பிறகு சொன்னார்: "பையன் நல்லவரு. உத்தியோகம் இருக்கு, கெட்ட பழக்கம் இல்ல. பயம் மட்டும் இருக்கு, தெளிஞ்சிரும். எம்மவகிட்ட நான் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லாதிய. கட்டிக்கப்போறவ அவ. அவரு வாயாலயே சொல்லட்டும். நிக்காஹுக்கு முந்திச் சொல்லிருவாரு, பாருங்க." கை கொடுத்தார். நானும் கொடுத்தேன். அந்த வாக்கைத்தான் நான் இந்நாள் வரை காப்பாற்றி வந்திருக்கிறேன்.

நீ சொல்லவில்லை. நிக்காஹ் முடிந்தது, சொல்லவில்லை. புதுசுதானே, கொஞ்ச நாள் போகட்டும் என்று சம்பந்தி சொன்னார். அவள் முழுகாமல் இருந்தாள், சொல்லவில்லை. பிள்ளை பிறந்து பெயர் வைத்த அன்றைக்கு நான் தொட்டில் பக்கம் போனபோது, என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை என் கையில் கொடுத்தாய். அவளுக்குத் தெரியாமல் முகர்ந்ததாக உனக்கு நினைப்பு. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் ஊரெல்லாம் வாப்பா வீட்டுக்குப் போவார்கள். எங்களுக்கு அன்றைக்குத்தான் குர்பானி கொடுத்த ஆட்டுத் தோல் வந்து குவியும், வீட்டு வாசல் வரை வாடை அடிக்கும். ஆகவே நீ அவளைப் பெருநாள் முடிந்து ரொம்ப நாள் கழித்துக் கூட்டிக்கொண்டு வருவாய். அவள் ஒவ்வொரு தடவையும் கேட்பாள், "மாமா, நீங்க சாயம் போடுற எடத்த எனக்குக் காட்டவே மாட்டேங்கிறீங்களே?" நீ முந்திக்கொண்டு, அங்கே ஒரே புகை, பிள்ளைக்கு ஆகாது என்பாய். நான் தலையாட்டுவேன். அந்தப் பெண்ணுக்கு முன்னால் நான் ஆட்டிய தலை, மகனே, தோல் சுமந்த காலத்தில்கூட அப்படிக் குனிந்ததில்லை. இந்தப் பெருநாளைக்கு சம்பந்தி என்னைக் கட்டிப்பிடித்து, கை கொடுத்து முஸாஃபஹா செய்துவிட்டுக் காதோடு, "இன்னும் இல்லியா?" என்றார். "இன்னும் இல்ல" என்றேன்.

நான் துணி வேலையைக் கற்றுக்கொண்டது அதற்கப்புறம்தான். உன் பொய்யை உண்மையாக்க வேண்டுமென்று இல்லை. தெரியாமல் செய்து ஒரு ஜவுளிக்காரர் முன்னால் அசடு வழிந்தது என் மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. ஷாப்புக்கு லீவு விட்ட நாளெல்லாம் வீட்டில் துணியை வேக வைத்தேன். பிரியாணி போடுகிற ஈயம் பூசின அண்டாவை எடுத்ததற்கு உன் உம்மா என்னோடு பேசாமல் இருந்தாள். குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்குள் அலசி முடிக்க வேண்டும், தெருவில் எல்லாரும் சத்தம் போட்டார்கள். ஒரு தடவை அண்டா கிடைக்காமல், தண்ணீர் பிடித்து வைக்கிற இரும்பு டிரம்மில் கடுக்காயைக் கரைத்துவிட்டேன். துணி மொத்தமும் எழுத்து மை மாதிரி கறுத்துப்போயிற்று. இரும்பும் கடுக்காயும் சேரக்கூடாது, இதையும் மனதில் வை, கேட்பார்கள். வேக வைத்து அலசின துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊற வைத்து, பிழிந்து, அலசாமல் நிழலில் காய வைக்க வேண்டும். வெண்ணெய் நிறத்தில் இருக்கும். அதன் பிறகு படிகாரம் கரைத்த வெந்நீரில் போட்டு எடுத்து வெயிலில் காய வைத்து, ஓடுகிற தண்ணீரில் லேசாக அலச வேண்டும். அப்புறம்தான் மஞ்சிட்டி. இத்தனையும் செய்த துணி மஞ்சிட்டிக்குள் இறங்குகிறபோதே தெரியும், சாயத்தை வா என்று கூப்பிடும். உன் மகளுக்குத் தொட்டில் கட்டின சிவப்புத் துணி அப்படிப் போட்டதுதான். உன் பெண்டாட்டி அதை எத்தனை தடவை துவைத்திருக்கிறாள், வெளுத்ததா என்று கேட்டுப் பார்.

இப்போது லினன். இது பருத்தி இல்லை, ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கிற நார். பருத்தியை விட முரடு. அதற்குள்ளே இருக்கிற பிசினும் மெழுகும் ஒரு வேக்காட்டில் போகாது. முதல் தடவை வேக வைத்து இறக்கியபோது தண்ணீர் சேறு மாதிரி வந்தது. சொட்டு விட்டுப் பார்த்தேன், கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுத்தான் உள்ளே போனது. போதாது. புதுத் தண்ணீர், புதுச் சோடா, மறுபடி வேக வைத்தேன். முறுக்கிப் பிழியக்கூடாது, மடிப்பு விழுந்தால் அந்தக் கோடு சாயத்தில் காட்டிக்கொடுத்துவிடும். தூக்கித் தொங்கவிட்டுத் தானாக வடிய விட வேண்டும். கடுக்காயையும் படிகாரத்தையும் பருத்தியை விட நிதானமாகத்தான் குடிக்கும், அவசரப்படுத்தினால் வெளிறிய சிவப்புத்தான் கிடைக்கும். இவ்வளவையும் உன் மச்சினிச்சிக்காகச் செய்தேன். அந்தப் பிள்ளை எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. உன்மேல் இருந்த ஆத்திரத்தை அந்தத் துணியில் காட்டவில்லை, வேலையில் காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. அதை இந்தக் காகிதத்தில் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ பயப்படுகிற அந்த மெட்ராஸ் வியாபாரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் உன் மாமனாருக்குப் பழைய சிநேகிதர். நான் யார் என்பது அவருக்கு முதலிலிருந்தே தெரியும். போன வருஷம் சரக்கு எடுக்க வந்தபோது, "சம்பந்தி சவுரியமா இருக்காங்களா?" என்று என்னிடம்தான் விசாரித்தார். உன் மாமனாருக்குத் தெரியும், உன் மாமியாருக்கும் அவர் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நாலு வருஷமாக நீ யாரிடம் ஒளித்துக்கொண்டிருக்கிறாய் என்று எண்ணிப் பார். ஒரே ஒரு ஆளிடம். உன் பக்கத்தில் படுத்து எழுகிறவளிடம். மற்ற எல்லாரும் உன் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்து வெட்கப்பட்ட ஜவுளிக்காரன் யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை. நீ ஒருவன்தான் வெட்கப்படுகிறாய், அதற்கு அவர்கள் பெயரைச் சொல்கிறாய். ஷாப்புகளையெல்லாம் இங்கிருந்து எடுத்து தேவ்னார் பக்கம் கொண்டுபோகப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. ஒருவேளை நீ அதற்குத்தான் காத்திருக்கிறாயோ என்னவோ. வாப்பா ரிட்டையர் ஆகிவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும் என்று.

முந்தாநாள் சம்பந்தி கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தார். உம்மா அழைத்து உட்கார வைத்தாள். என்னால் மறைக்க முடியவில்லை, நீ வர வேண்டாமென்று சொன்னதைச் சொன்னேன். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. கொடுத்த டீயைத் தள்ளி வைத்தார். அவர் கட்டிக் கொடுத்தது தன் மகளை. பெற்ற வாப்பாவை ஒளித்து வைக்கிறவன் நாளைக்கு எதையெல்லாம் ஒளிப்பான் என்று அவர் யோசித்திருக்கமாட்டாரா? எழுந்திருக்கும்போது, "பாய், நம்ம வாக்கு போதும். நாம பொறுத்தது தப்பாப் போச்சு. இனி உங்க இஷ்டம்" என்றார். அவர் போன பிறகு உன் உம்மா, "எழுதுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

என் இஷ்டம் இதுதான். உனக்கு இங்கிலீஷ் வரும், இந்தி வரும். எங்கள் ஷாப் ஆபீசில் கணக்கு எழுதுகிற ஆளைப் பிடித்து அந்த இரண்டில் ஒன்றில் இதை எழுதச் சொல்லியிருக்கலாம், நீ தனியாக உட்கார்ந்து வாசித்துவிட்டுக் கிழித்துப் போட்டிருப்பாய். தமிழில் உனக்கு உன் பெயரைத் தாண்டி எழுத்துக் கூட்ட வராது. ஊரிலிருந்து வருகிற கடிதத்தையெல்லாம் அவள்தான் உனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறாள், எனக்குத் தெரியும். அதனால்தான் பொட்டலத்தை அவள் கையில் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறேன். அதனால்தான் முதலிலிருந்து கடைசி வரை தமிழிலேயே எழுதினேன். நீ உன் வாயால் சொல்லியிருந்தால் இது தேவைப்பட்டிருக்காது.

மகளே, அவன் இதற்குள் உன் கையிலிருந்து பிடுங்காமல் இருந்தால் நீ இவ்வளவு தூரம் வாசித்திருப்பாய். என்னை மன்னித்துக்கொள், இதை உன் குரலிலேயே உன்னைக் கேட்க வைத்ததற்கு. வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நான் தோல் ஷாப்பில் வேலை செய்கிறவன். கல்யாணத்துக்கு வருவதும் வராததும் இனி அவன் சொல்லி இல்லை, நீ கூப்பிட்டால் நானும் உன் மாமியும் வருவோம். இப்போது அவன் ஏதாவது சொல்வான். நடுவில் பேசாதே, முழுதும் சொல்லி முடிக்க விடு. அவனுக்கு இது முதல் தடவை.

வாப்பா